விருந்தாளியாகப் பார்த்த ஊர்

மகள் கோயம்புத்தூரில், சரவணம்பட்டியில் இருக்கிறாள். நான் பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு. "மெட்ராஸ்ல ரெண்டு பேரும் தனியா எதுக்குப்பா கிடக்கணும்? இங்க வந்துடுங்க."

சென்ற டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தோம். வடவள்ளியில் உறவினர் வீட்டில் நான்கு நாள் தங்கினோம். காலையில் மொட்டை மாடிக்குப் போனால் மேற்கே மலை தெரிந்தது. மருதமலையில் நின்று நிதானமாக முருகனைக் கும்பிட்டோம். இரவில் மின்விசிறி தேவைப்படவில்லை. திரும்பி வரும் ரயிலில், சென்னை வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று நானும் மனைவியும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டோம்.

அரக்கோணம் தாண்டும்போதுதான் எனக்குப் பழைய வேளச்சேரி வீடு நினைவுக்கு வந்தது. பல வருடங்களுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதத்தில் பார்த்த வீடு அது. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துக் குடி போனோம். நவம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது. பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, மூன்று இரவு பக்கத்து மாடியில் படுத்தோம். வீட்டுக்காரர் முன்பே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதிர்வீட்டு மதிலில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. ஏப்ரலில் அதைப் பார்த்தேன். என்ன கோடு என்று ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் போதும்.

அதனால் இந்த முறை ஒரு முடிவு எடுத்தோம். கோவையை இன்னொரு தடவை, ஏப்ரலில், எட்டு நாள் போய்ப் பார்ப்பது. மகள் வீட்டில் தங்குவதில்லை.

அவளுக்கு அது பெரிய வருத்தம். "எங்க வீடு இருக்கறப்ப எதுக்குப்பா வாடகை ரூம்? கேக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். மகள் வீட்டில் வேளாவேளைக்குச் சோறு வந்துவிடும். வாசலில் கார் நிற்கும். ஆனால் தண்ணீர் எப்போது வருகிறது, பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தெரியாது. விருந்தாளிக்கு எந்த ஊரும் நல்ல ஊர்தான். இதை அவளுக்குப் புரிய வைக்க இரண்டு நாள் ஆனது.

சமையலறையுடன் நாள் வாடகைக்கு அறை எடுத்தோம். வடவள்ளியில் நான்கு நாள், சிங்காநல்லூரில் நான்கு நாள். சனிக்கிழமை போய் இறங்கினோம், வாரநாட்களும் ஞாயிறும் இரண்டுமே கிடைக்கும்படி.

முதலில் விசாரித்தது தண்ணீரை. கோவை என்றதும் எல்லோரும் சிறுவாணித் தண்ணீரின் ருசியைச் சொல்வார்கள். ஆனால் நகரம் முழுவதும் சிறுவாணி வருவதில்லை. மேற்குப் பகுதிகள் பலவற்றுக்கு அது வருகிறது. மற்ற பல இடங்களுக்குப் பில்லூர்த் திட்டத்தின் பவானி நீர். சிறுவாணி அணை கேரள எல்லைக்குள் மலையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் நிரம்பும், கோடையில் இறங்கும். ஆகவே கோடையில் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். வடவள்ளியில் ஒரு வீட்டுக்கார அம்மா உள்ளதை உள்ளபடியே சொன்னார். "உப்புத் தண்ணிக்கு ஒண்ணும் பஞ்சமில்லீங்க, எப்பத் திருப்புனாலும் வரும். நல்ல தண்ணிதான் நாள் கணக்கு. குடத்துல புடிச்சு வெச்சுக்கணும்." புறநகரில் பல தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேரவில்லை. செப்டிக் டேங்க் லாரி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் கேட்டுக்கொண்டோம்.

அடுத்தது, மனைவியின் முழங்கால். பயிற்சிக்காக வாரம் இரண்டு நாள் பீளமேட்டுப் பக்கம் போக வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை, வடவள்ளியிலிருந்து டவுன் பஸ் ஏறினோம். காந்திபுரத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்தோம். போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்திருக்கிறார்கள். காரில் போகிறவர்களுக்குப் பெரிய வரம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் டவுன் பஸ்ஸில் இருக்கும் எங்களுக்கு அது தலைக்கு மேலே போனது. இதே பயணத்தை முந்தைய ஞாயிறு மகளின் காரில் போயிருந்தேன். பாதி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை நம்பி வடவள்ளியில் முன்பணம் கொடுத்திருந்தால், வாரம் இரண்டு முறை இவள் வலியோடு நின்றிருப்பாள்.

சிங்காநல்லூரிலிருந்து காமராஜர் சாலை வழியாக அதே இடத்துக்கு அரை மணிக்குள் போய்விட்டோம்.

போத்தனூர்ப் பக்கம் ஒரு வீடு பகலில் மிகவும் பிடித்துப்போனது. முன்னால் வேப்பமரம், வாடகையும் குறைவு. பகலில் பார்த்த வீட்டை இரவிலும் பார்ப்பது என்று எழுதி வைத்திருந்ததால், ஒன்பது மணிக்கு மறுபடி போனோம். வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் வாடை தெருவுக்குள் இறங்கியிருந்தது. "காத்து இந்தப் பக்கம் திரும்புனா இப்படித்தானுங்க" என்றார் டீக்கடைக்காரர். வருடக்கணக்கில் அந்த வாடையோடு வாழ்கிற மக்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தீர்வு கிடைக்க வேண்டும். ஆனால் அது தெரியாமல் ஒருவர் அங்கே குடி போகக் கூடாது.

வெயிலைச் சொல்ல வேண்டும். கோவை குளிர்ந்த ஊர் என்பது ஏப்ரல் மதியத்தில் நிற்காது. சென்னையின் வியர்வைப் பிசுபிசுப்பு இல்லை, அவ்வளவுதான். ஜூன் பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வர ஆரம்பித்ததும் ஊரே மாறிவிடும் என்றார்கள். அந்த நிம்மதி வருவதற்கு முன்னால் உள்ள இரண்டு மாதத்தைத் தாங்க முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. தாங்கினோம்.

கடைசியாக, நான் கணக்கில் சேர்க்காத ஒன்று. முப்பது வருடச் சென்னைத் தோழிகளை விட்டு வரும் மனைவி, "அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டிருந்தாள். என்னிடம் பதில் இல்லை. சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குத் தினமும் காலையில் போனாள். மூன்றாம் நாள் கீரைக்காரப் பெண், "வாங்க்கா, நேத்து வாங்குன கீரை நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். அறைக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள் என் மனைவி. மகளின் காரில் வந்து போயிருந்தால் அந்தக் கேள்வி அவளுக்குக் கிடைத்திருக்காது.

சிங்காநல்லூரில் ஒரு வீட்டைப் பேசியிருக்கிறோம். ஐப்பசி மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று ஆட்டோ ஸ்டாண்டிலும் இஸ்திரி வண்டியிலும் தனித்தனியாகக் கேட்டேன். மதில்களையும் பார்த்தேன். கோடு இல்லை. முன்பணம் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

சென்னை வீட்டை விற்கவில்லை. பதினொரு மாத ஒப்பந்தம்தான் போட்டிருக்கிறோம். ஒரு மழையும் ஒரு கோடையும் அங்கே கழியட்டும், பிறகு மற்றதைப் பேசலாம்.

ஊர் மாறும் யோசனையில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்த ஊர் கஷ்டப்படும் மாதத்தில் போங்கள். யார் வீட்டிலும் விருந்தாளியாக இருக்காதீர்கள். வீட்டில் அதிக நேரம் இருக்கப் போவது யாரோ, அவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். எட்டு நாள் அறை வாடகை, சாப்பாடு, பஸ், ரயில் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு, அன்றைக்கு வேளச்சேரித் தண்ணீரில் போன பொருட்களின் விலையில் பாதிகூட இல்லை.