எறியும் முன் காரணம் கேளுங்கள்!

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் ஒரு மாணவி, சென்ற மாதம் ஒரு பழைய இசைக்கருவியை என்னிடம் கொண்டுவந்தாள். உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. பல ஆண்டுகளுக்கு முன் அவள் அப்பா ஆசையாக வாங்கியது.

"சார், நாலைந்து பாட்டு ஒழுங்காகப் பாடுகிறது. பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசைவதில்லை. தூக்கிப் போடு என்கிறான் அண்ணன்" என்றாள்.

தூக்கிப் போடலாம். ஆனால் அது ஏன் நிற்கிறது? அதைக் கேட்காமலே கருவியை எறிவது, விடைத்தாளைப் பார்க்காமலே ஒரு மாணவனைத் தோல்வி என்று அறிவிப்பதற்குச் சமம் என்பது என் கருத்து.

அவளுடைய கருவிக்குள் வன்தட்டு இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2001இல் வெளியிட்ட முதல் ஐபாடும் இந்த வகைதான். அதில் 5 ஜிகாபைட் கொள்ளும் சிறிய வன்தட்டும், 32 மெகாபைட் நினைவகமும் இருந்தன. தட்டு ஓயாமல் சுழன்றால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் அல்லவா? எனவே ஒரே மூச்சில் ஏறத்தாழ 20 நிமிடப் பாடல்களை நினைவகத்தில் நிரப்பிவிட்டுத் தட்டு ஓய்வெடுக்கும். அவை தீரும்போது மீண்டும் சுழலத் தொடங்கும்.

20 நிமிடம் என்றால் எத்தனை பாட்டு? நாலைந்து! மாணவியின் கருவி நிற்பதும் அங்கேதான். ஆக, தட்டு மீண்டும் சுழலத் தொடங்கும் கணத்தில்தான் ஏதோ தவறு நடக்கிறது என்று ஊகிக்கலாம்.

இப்போது நம் முன் இரண்டு குற்றவாளிகள். ஒன்று, தேய்ந்துபோன தட்டு. மற்றொன்று, முதுமை அடைந்த மின்கலம். மின்கலம் எப்படிக் குற்றவாளி ஆகும்? உங்கள் பாடத்தில் வரும் ஓம் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு சுழலத் தொடங்கும்போது மின்னோட்டம் கூடும். கணக்குக்காக அதை 0.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். புதிய மின்கலத்தின் அகமின்தடை 0.2 ஓம் என்றால், உள்ளேயே இழக்கப்படும் மின்னழுத்தம் 0.1 வோல்ட் மட்டுமே. வயதாக ஆக அகமின்தடை கூடும். அது 1.2 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 0.6 வோல்ட். 3.7 வோல்ட் மின்கலம் அந்தக் கணத்தில் 3.1 வோல்ட்தான் தரும். கருவியின் மூளை அதில் தடுமாறி நின்றுவிடலாம்.

இருவரில் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரில் சார்ஜரைச் செருகிக்கொண்டே பாட விட்டோம். ஒரு மணி நேரம் நிற்காமல் பாடியது! தட்டு பழுதாகியிருந்தால் சார்ஜர் இருந்தும் நின்றிருக்கும். ஆகவே குற்றவாளி மின்கலம். பழுது பார்க்கும் கடையில் அதை மாற்றியதும் கருவி பிழைத்துக்கொண்டது.

இதில் ஒரு விதியை மறக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். முதலில் பொத்தான்களைப் பூட்டும் விசையைப் பாருங்கள். பிறகு கருவியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். எப்போதும் ஒரே பாட்டில்தான் நிற்கிறதா? அந்தக் கோப்பை அழித்து மீண்டும் பதியுங்கள். மூன்றையும் ஒன்றாகச் செய்தால் கருவி சரியாகலாம். ஆனால் நீங்கள் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு: கருவியின் மூடி உப்பியிருந்தால் அதை நீங்கள் திறக்க வேண்டாம். அழுத்தவோ சார்ஜ் செய்யவோ வேண்டாம். லித்தியம் மின்கலம் தீப்பற்றக் கூடும். அது கடைக்காரரின் வேலை.

"தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு பழையதைச் சரிசெய்யச் சொல்கிறீர்களே, பிறகு புதியதை யார் வாங்குவார்கள்?" என்று சிலர் கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் செல்பேசிகளும் தொலைக்காட்சிகளும், ஒரகடத்தில் கார்களும் லாரிகளும் உருவாகின்றன. ஆனால் எந்தத் தொழிற்சாலையும் பொருளைச் சோதிக்காமல் வெளியே அனுப்புவதில்லை. காரணம் தேடத் தெரிந்தவர் அங்கும் தேவை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் செல்பேசி ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் நின்றுபோனது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பின்னர் அதே வளாகத்துக்கு, சார்ஜர்கள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வந்தது. ஆலைகள் வரும், போகும். செய்யும் பொருளும் மாறும். ஒரு பொருளைப் பொருத்த மட்டுமே கற்றுக் கொடுத்தால், அந்தப் பொருள் போனதும் அந்தப் பயிற்சியும் வீணாகிவிடும். பழுதின் காரணத்தைத் தேடும் பழக்கம் எந்தப் பொருளுக்கும் உதவும்.

எனவே ஒரு யோசனை. நம் உயர்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு 'பழுது மேசை' வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும். ஒரு பன்மானி, இரண்டு திருப்புளிகள், வீட்டில் ஓடாமல் கிடக்கும் கடிகாரம், வானொலி, இசைக்கருவி, இவற்றோடு மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர். மின்கலத்தில் ஓடும் பொருள்களோடு தொடங்குங்கள். வீட்டு மின்சாரத்தைத் தொட வேண்டாம். சரியாகாவிட்டாலும் பரவாயில்லை, ஏன் ஓடவில்லை என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

உங்கள் வீட்டு இழுப்பறையில் என்ன தூங்குகிறது? அதை வெளியே எடுங்கள். ஏன் நின்றாய் என்று அதைக் கேளுங்கள். முறையாகக் கேட்டால், அது பதில் சொல்லும்.