பெயரை வாங்கும் படிவம்

ஒருவர்க்குப் பெற்றோர் இட்ட பெயரைப் பிழையின்றி எழுதுதல் எழுத்தறிவின் முதற்கடன் என நாம் வகுப்பில் கூறுவது வழக்கம். விண்ணப்பங்கள் பலவும் இணையப் படிவங்களாகிவிட்ட இந்நாளில் அக்கடன் கணிப்பொறிக்கும் உரியதாயிற்று. ஆகவே, படிவங்களைக் கையாளும் நிரலை எழுதப் பழகும் மாணவர்க்குத் தமிழாசிரியர் கூறத்தக்கதும் உண்டு என்பது நம் துணிபு.

நிரப்பிய படிவத்தை அனுப்பியதும், அவ்விவரங்கள் வழங்கியைச் சென்றடைகின்றன. அங்குள்ள நிரல் அவற்றைச் சோதித்துத் தரவுத்தளத்தில் சேர்க்கிறது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பியைக் கொண்டு இதனைக் கற்போர் பலர். உலாவியில் செய்யும் சோதனையை எவரும் விலக்கிவிட இயலுமாதலின், வழங்கியில் மீண்டும் சோதிப்பது இன்றியமையாதது. இதில் கருத்து வேறுபாடில்லை. எவ்வாறு சோதிப்பது என்பதில்தான் நம் வழக்கு.

துறை விழாவுக்கென மாணவர் சிலர் ஒரு பதிவுப் படிவம் உருவாக்கினர். அதில் 'அப்துல் காதர்' எனத் தமிழில் இட்டோம். 'சரியான பெயரை இடுக' என்று அது மறுத்தது. பெயரில் 26 ஆங்கில எழுத்துகளும் இடைவெளியும் மட்டுமே வரலாம் என நிரலில் விதித்திருந்தனர்! கற்ற பாடத்தை அப்படியே எடுத்தாண்ட அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 'எம்மொழி எழுத்தாயினும் ஏற்க' என விதியை மாற்றினர், அப்போதும் மறுப்பே. காரணம், யூனிகோடில் மெய்யின் புள்ளியும் கால், கொம்பு முதலியனவும் 'எழுத்து' வகையில் அடங்கா. 'குறி' என்னும் வேறு வகையைச் சார்ந்தவை. மெய்யின் இயற்கையே புள்ளியொடு நிற்றல் என்று தொல்காப்பியர் வகுத்த மொழியில், அப்புள்ளியே வாயிலில் தடுக்கப்பட்டது. குறிகளையும் ஏற்குமாறு செய்த பின்னரே பெயர் உள்ளே சென்றது.

சென்றதும் முழுமையாகச் செல்லவில்லை. பெயரை 30 என்னும் அளவில் வெட்டுமாறு நிரலில் பணித்திருந்தனர். பிஎச்பியின் வழக்கமான 'சப்ஸ்டர்' எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டுகளையே எண்ணும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. நம் கணக்கில் 7 எழுத்துடைய அப்பெயர் 12 குறியீடுகளும் ஓர் இடைவெளியுமாக 37 பைட்டு ஆகிறது. விளைவு: 'அப்துல் கா' என்பதும் அதன்பின் ஓர் உடைந்த எழுத்தும். 'எம்பி_சப்ஸ்டர்' குறியீடுகளை எண்ணும். எனினும் மெய்யையும் புள்ளியையும் பிரித்துவிடக்கூடும். 'கிராஃபீம்_சப்ஸ்டர்' ஏறத்தாழ நாம் எண்ணுவதுபோல் எண்ணும். வெட்டாதிருப்பதே நன்று என்போம்.

தீங்கிழைப்போரைத் தடுக்கவே இக்கட்டுப்பாடு என்று மாணவர் வாதிட்டனர். அச்சம் நியாயமானது, மருந்து வேறு. தரவுத்தளத்துக்கு அனுப்புகையில் ஆணையையும் விவரத்தையும் தனித்தனியே அனுப்புதலும், திரையில் காட்டுகையில் சிறப்புக் குறிகளைச் செயலற்றனவாக்குதலும் போதும். வந்த பெயரைச் சிதைக்க வேண்டுவதில்லை.

இன்னொன்று: குடும்பப் பெயர் என்னும் கட்டாயக் கட்டம். தந்தையின் தலைப்பெழுத்தோடு ஒற்றைப் பெயர் கொண்டோர் நம்மிடையே மிகுதி. அவர்கள் அதில் தம் பெயரையே மீண்டும் எழுதுகின்றனர், அல்லது வெறும் புள்ளி வைக்கின்றனர். சான்றிதழில் அஃது அச்சேறிய பின் திருத்தத்திற்கு அலைபவர் மாணவரே. நம் துறைப் படிவத்தில் அக்கட்டத்தை நீக்கி, பெயருக்கு ஒரே கட்டம் வைக்கச் செய்தோம்.