விடியும்வரை உட்காராதவர்கள்

நடிகை சரோஜாதேவி 2025 ஜூலை 14 அன்று காலமானார். 87 வயது. அவர் வாழ்ந்த பெங்களூரு, ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நம்மில் பலர் தினமும் வேலைக்குப் போய்வரும் தூரம். அன்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் வந்த படங்கள் எல்லாம் 1958-ன் ‘நாடோடி மன்னன்’, 1959-ன் ‘கல்யாணப் பரிசு’ காலத்தவை. அதற்குப் பிறகு அந்த அம்மா அறுபத்தைந்து வருடம் வாழ்ந்திருக்கிறார் என்பதே நமக்கு நினைவில்லாததுபோல் இருந்தது. 2009-ல் ‘ஆதவன்’ படத்தில் அவர் வந்தபோது, “எப்படி இருந்தவங்க, இப்படி ஆயிட்டாங்களே” என்று உச்சுக்கொட்டியவர்களும் நாம்தான். வயதானதே ஏதோ அவர் நமக்குச் செய்த துரோகம் என்கிற மாதிரி.

ஓசூர்க்காரர்கள் என்று சொல்லிக்கொண்டாலும் நம்மில் அநேகம் பேர் பிழைக்க வந்தவர்கள். 1980-ல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. அசோக் லேலண்டும் அதே காலத்தில் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டனும் வந்துவிட்டது. ஐ.டி.ஐ. சான்றிதழும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்து, வரிசை வீட்டில் நாலு பேர் சேர்ந்து தங்கி, செகண்ட் ஷிப்ட் முடிந்த கையோடு சினிமாவுக்கு ஓடியவர்கள் நாம். வீட்டுக்காரர் தெலுங்கு, பால்காரர் கன்னடம், நாம் தமிழ். ஒருவரையொருவர் புரிந்துகொள்ள நமக்கு நடிகர்கள்தான் உதவினார்கள். சரோஜாதேவி கர்நாடகத்தில் பிறந்து இங்கே வந்தவர். கன்னட நடிகர் ராஜ்குமாரோ இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் காஜனூரில் பிறந்து அங்கே போனவர். ரஜினியின் மூதாதையர் ஊர் என்று சொல்லப்படும் நாச்சிக்குப்பம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கிறது. எல்லையைத் தாண்டிப் பிழைத்தவர்கள் என்பதாலேயே அவர்கள் நமக்கு உறவுக்காரர்கள் மாதிரி.

ஆனால் உறவுக்காரருக்கு ஒன்று என்றபோது நாம் எப்படி நடந்துகொண்டோம்? 2000 ஜூலை 30 இரவு ராஜ்குமாரைச் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் கடத்திப்போனான். நவம்பர் 15 வரை அவர் காட்டில் இருந்தார். அந்த மூன்றரை மாதமும் நம் டீக்கடைப் பேச்சு, பெங்களூருக்குப் பஸ் ஓடுமா, டிபோவில் நிறுத்திவிடுவார்களா, லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களா என்பதுதான். எழுபத்தொரு வயது மனிதர் மழையில் காட்டுக்குள் எப்படி நடப்பார், எதன்மேல் படுப்பார் என்று நாம் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கலவரம் வருமோ என்ற பயம் இருந்தது, உண்மைதான். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தே வந்ததையும் பார்த்தவர்கள்தானே நாம். ஆனாலும் பயத்தையே சாக்காகச் சொல்லிச் சொல்லி, கரிசனத்தைக் கைகழுவிவிட்டோம்.

சினிமாக்காரர்களையாவது இறந்த அன்றைக்கு நினைத்தோம். கூத்துக்காரர்களுக்கு அதுவும் இல்லை.

சூளகிரி, வேப்பனப்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்னும் நடக்கிறது. நடக்கிறது என்பதே நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் பார்த்துத்தான் நமக்குத் தெரிகிறது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவு முழுக்கக் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று உயரமான மரத்தில் ஒரு மனிதர் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். கடைசிநாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன், ஓர் ஆள் அவன் மார்பில் நின்றால் பொம்மைபோலத் தெரிகிற அளவுக்குப் பெரியவன். அங்கே வைத்துத்தான் திரௌபதி கூந்தல் முடிப்பாள்.

அந்தத் திரௌபதி யார் என்று பாருங்கள். பல ஊர்களில் அறுபதை நெருங்கும் ஓர் ஆண். தொண்டை கம்மியிருக்கும், முழங்கால் மடங்காது. ஆனால் அவர் கூந்தலை விரித்துப்போட்டு நடந்துவரும்போது ஊரே கும்பிடும். பேரன் எடுத்தவர் அபிமன்யு வேஷம் கட்டினாலும் ஒருத்தரும் சிரிப்பதில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் ஏறிவிட்டால் வயது கணக்கில் வராது. கலைஞர் மூப்படைவதற்கு இடம்கொடுத்த ஒரு கலை நம் வாசலிலேயே இருந்தது. நாம் அதை விட்டுவிட்டு, முகம் மாறாத ஆட்களைத் தேடி வெள்ளித்திரைக்குப் போனோம். போனதில் தப்பில்லை, எனக்கும் அந்த வெளிச்சம் பிடிக்கும். திரும்பிப் பார்க்காததுதான் தப்பு. (இதில் ரஜினியைக் குறைசொல்ல முடியாது. 1975-ல் ‘அபூர்வ ராகங்கள்’, 2025-ல் ‘கூலி’, ஐம்பது வருடம். திரைக்கு வெளியே அவர் தன் வழுக்கையை மறைப்பதே இல்லை. மறைக்கச் சொல்லி அடம்பிடிப்பது நாம்தான்.)

பதினெட்டு இரவு நடந்த கூத்து பல ஊர்களில் பத்தாகி, மூன்றாகி, ஒன்றாகக் குறைந்ததற்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஊர்க் கூட்டத்தில் நாம்தான் சொன்னோம்: “காலையில ஆறு மணி ஷிப்ட்டுப்பா, விடிய விடிய எவன் உட்கார்றது? பாட்டுக் கச்சேரி வச்சா பசங்களும் வருவாங்க.” தலைக்கட்டு வரியைப் போனிலேயே அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று படுத்துக்கொண்டோம். 2023 பிப்ரவரியில் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று தேசிய நெடுஞ்சாலையையே மறித்த ஊர் இது. கூத்து குறைந்தபோது ஒரு மாட்டுவண்டியைக்கூட நாம் மறிக்கவில்லை. 2020, 2021 இரண்டு கோடையிலும் கொரோனா தொற்றால் திருவிழாக்கள் நின்றன. பங்குனியிலிருந்து ஆடிவரை ஆடிச் சம்பாதிப்பதில்தான் கூத்துக்காரர்களின் வருடமே ஓடுகிறது. அந்த இரண்டு வருடம் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று, வீட்டில் உட்கார்ந்து சீரியலும் வெப் சீரிஸும் பார்த்துத் தீர்த்த நாம் கேட்கவில்லை. நலிந்த கலைஞர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது. அவர்களை நலிய விட்டதில் நம் பங்கும் உண்டு என்பது மறந்துபோகிறது.

இதே கதைதான் வீட்டுக்குள்ளும். ஊரிலிருந்து அப்பாவையும் அம்மாவையும் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துவந்தோம். அவர்களுக்குப் பிடித்த பழைய படத்தை யூடியூபில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டோம். ஹாலில் டி.எம்.எஸ். குரலும் பி.பி. ஸ்ரீநிவாஸ் குரலும் கேட்கும். அப்பா ஏதோ ஒரு காட்சிக்குத் தனியாகச் சிரிப்பார். “என்னப்பா?” என்று எழுந்துபோய்க் கேட்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. கேட்டிருந்தால் எந்த ஊர் டென்ட் கொட்டகையில் யாரோடு அந்தப் படத்தைப் பார்த்தார் என்று சொல்லியிருப்பார். இப்போது நமக்கும் சர்க்கரை, நமக்கும் மூட்டுவலி. நம் பிள்ளைகள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நம்மைக் கடந்துபோகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பழக்கிக் கொடுத்தது யார்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். ராஜ்குமார் 2006-ல் போகும்போது கண்களைக் கொடுத்துவிட்டுப் போனார். 2021-ல் நாற்பத்தாறே வயதில் போன அவர் மகன் புனித்தும் அப்படியே. சரோஜாதேவியின் கண்களும் தானமாகத் தரப்பட்டன. புனித் இறந்த பிறகு கர்நாடகத்தில் ஏராளமானவர்கள் கண்தானத்துக்குப் பதிவுசெய்தார்கள். ஆயுள் முழுக்க இவர்களைப் பார்த்துப் பார்த்தே மகிழ்ந்த நம் குழுவில், பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்று போன மாதம் கேட்டேன். கைகூப்பும் படங்கள்தான் வந்தன. பிறகு இரண்டு பேர் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். சேர்ந்தே போய் வாங்கிவந்தோம்.

ஓய்வுபெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து, வரும் சித்திரையில் ஒரு கிராமத்துப் பாரதக் கூத்தில் ஓர் இரவை உபயமாக ஏற்பது என்று பேசியிருக்கிறோம். பதினெட்டாம் போர் இரவு. எங்களில் ஒருவர் கூத்து வாத்தியாரிடம், “பன்னிரண்டு மணிக்குள்ள முடிச்சுக்கலாமா வாத்தியாரே, மாத்திரை போட்டுத் தூங்கணும்” என்று கேட்டேவிட்டார். “துரியோதனன்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்” என்று அவர் சிரித்தார். அதற்குப் பிறகு பிளாஸ்க் யார் கொண்டுவருவது, சால்வை போதுமா, முதுகு சாய்க்கிற நாற்காலி கிடைக்குமா என்பதெல்லாம் பேசி முடிவாகிவிட்டது. பேரப்பிள்ளைகளை அழைத்துப்போவதில் மட்டும்தான் இழுபறி. அவர்களுக்கு மறுநாள் காலையில் கோச்சிங் இருக்கிறதாம்.