மீனிலும் மேல் கீழா?

ஆப்பிரிக்காவில் பூமத்திய ரேகையின்மேல் சுமார் 68,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள விக்டோரியா ஏரி இருக்கிறது. கென்யா, உகாண்டா, டான்சானியா என்னும் மூன்று தேசத்து ஏழை ஜனங்கள் அதன் தண்ணீரைக் குடித்து, அதன் மீனைப் பிடித்து ஜீவிக்கிறார்கள். அந்த ஏரி கெட்டதைப் பற்றிப் பேச்சு வந்தால், "இயற்கையின் கோளாறு", "அவர்கள் தலைவிதி" என்று சொல்லிச் சிலர் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். இது சுத்தப் புரட்டு என்பதே நமது அபிப்பிராயம்.

அந்த ஏரியில் சுமார் 500 வகைச் சிறு மீன்கள் இருந்தன. அவற்றில் சில பாசியைத் தின்றன. சில அடியில் மக்கிக் கிடப்பதைத் தின்றன. சில நத்தையையும் புழுவையும் தின்றன. அதாவது ஏரியைச் சுத்தம் செய்யும் வேலையை அவை செய்துவந்தன. கரையிலுள்ளவர்கள் அவற்றை வெயிலில் உலர்த்தித் தின்றும் விற்றும் வந்தார்கள். ஆனால் அன்று ஆண்ட வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் இவற்றுக்குக் கொடுத்த பட்டம் என்ன? "கழிவு மீன்" என்பதாகும். சுத்தம் செய்கிறவனைக் கீழானவன் என்பதும், அவனைத் தின்று கொழுக்கிறவனை மேலானவன் என்பதும் மனிதனோடு நிற்காமல் மீன் வரையில் போய்விட்டது!

இந்தக் "கழிவை"த் தின்று உயர்ந்த மாமிசமாக மாற்றித் தரும் என்று சொல்லி, நம் கொடுவாவுக்கு இனமான நைல் பெர்ச் என்னும் பெரு மீனை 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் ஏரியில் விட்டார்கள். இதிலுள்ள அபாயத்தை ஜெஃப்ரி ஃபிரையர் என்னும் விஞ்ஞானி 1960-லேயே எழுதிக் காட்டினார். யார் கேட்டார்கள்? வலை வீசுகிறவனையாவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

பலன் என்ன? 1980களில் பெர்ச் பெருகிற்று. சிறு மீன்களில் சுமார் 200 வகை அடியோடு போயின. பெர்ச்சின் கொழுப்பு மாமிசம் வெயிலில் காயாது. விறகு எரித்துப் புகை போட வேண்டும். அதற்காக மரங்கள் வெட்டப்பட்டன. மரம் போன கரையின் மண்ணும், வயலின் உரமும், பட்டணத்துச் சாக்கடையும் ஏரியில் சேர்ந்தன. பாசி மண்டி, ஆழத்தில் பிராணவாயு குறைந்தது. போதாததற்குத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை 1990களில் படர்ந்து, படகுத் துறைகளையே அடைத்தது. அதைத் தின்னும் வண்டுகளை விட்டதும் குறைந்தது. ஆனால் சாக்கடை உரம் ஓயாததால் இன்றும் தலைகாட்டுகிறது.

"ஏற்றுமதியில் பணம் வந்ததே!" என்பார்கள். வந்தது, நாம் மறுக்கவில்லை. யாருக்கு வந்தது என்றுதான் கேட்கிறோம். சதை ஐரோப்பாவுக்குப் போயிற்று. தலையும் எலும்பும் கரையிலுள்ளவனுக்கு மிஞ்சின. மீன் உலர்த்தி விற்ற பெண்களின் பிழைப்பைத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன.

செத்த வகைகள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஏரியில் விடுவதை நிறுத்த முடியாதா? கரையில் மரம் வைக்க முடியாதா? இனி எந்த மீனை விடுவது, எதைப் பிடிப்பது என்பதில் அந்த ஏரியை நம்பிப் பிழைக்கிறவனுக்கும் பிழைக்கிறவளுக்கும் முதல் வார்த்தை கொடுக்க முடியாதா? முடியும். மனிதன் செய்த கேட்டை மனிதன்தான் திருத்த வேண்டும். இதைச் செய்யாமல் விதியென்று சொல்லுகிறவர்கள், கெடுத்தவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களேயாவார்கள்.