எந்த அஜந்தா?

நம் ஆராய்ச்சிப் புத்தகங்களில் வாக்கியத்துக்கு இருக்கிற மரியாதை படத்துக்கு இல்லை. அரை வரியை எடுத்தாண்டாலும் பக்க எண்ணோடு அடிக்குறிப்பு விழுகிறது. முழுப் பக்கத்துக்குப் படம் போட்டுவிட்டு, அடியில் 'அஜந்தா ஓவியம்' என்று இரண்டே சொல்லில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள்.

எந்தக் குகை? எந்தச் சுவர்? முதலில், அது சுவர்தானா? கிரிஃபித்ஸ் துரை பம்பாய் மாணவர்களைக் கொண்டு 1872 முதல் 1885 வரை எழுதுவித்த பிரதிகள் உண்டு. ஹெரிங்ஹாம் சீமாட்டி, நந்தலால் போஸ் முதலியோரைத் துணை வைத்துக்கொண்டு எழுதி, 1915-ல் வெளியானவையும் உண்டு. பிரதி எழுதுகிறவருக்கும் ஒரு கை உண்டு. உதிர்ந்த இடத்தில் கொஞ்சம் தைரியமும் உண்டு. அந்தத் தைரியத்தைப் பார்த்துவிட்டு நம் பேராசிரியர் வாகாடகர் காலத்துக் கோட்டின் நளினத்தை வியந்தால், நான் யாரை வியப்பது?

"படம் அழகுக்குத்தானே?" என்கிறார்கள். அழகுக்கு என்றால் காலண்டர் போதுமே, ஐயா! சாட்சிக்குக் கூப்பிட்டால் பெயரும் ஊரும் கேட்கத்தான் வேண்டும். இன்ன குகை, இன்ன சுவர், பிரதியானால் எழுதியவர் இன்னார், எடுத்தது இன்ன புத்தகத்திலிருந்து, ஒரு வரிதான்.

பிரதியை நான் இழிவாகச் சொல்லவில்லை. 1844-ல் அமர்த்தப்பட்ட ராபர்ட் கில் எழுதியவற்றில் பெரும்பகுதி 1866-ல் லண்டன் கிரிஸ்டல் பாலஸ் தீயில் போயிற்று. கிரிஃபித்ஸின் பிரதிகளிலும் பல 1885-ல் எரிந்தன. சுவரில் பின்னால் உதிர்ந்துபோன சில பகுதிகளுக்கு, மிஞ்சிய பிரதிதான் இன்று ஆதாரம். அதை எழுதிய பம்பாய் மாணவன் பெயர் தெரிந்திருந்தும் விழுங்கிவிடுவது எந்த ஆராய்ச்சியில் சேர்த்தி?