ட்ரெட்மில் காட்டுற கலோரியை நம்பி பப்ஸ் சாப்பிடாதீங்க!

1/
52 கிலோ எடை உள்ள ஒரு அக்கா. ட்ரெட்மில்லுல 12% சரிவு, 5 கி.மீ. வேகம், அரை மணி நேரம். ஸ்கிரீன்ல 313 கலோரி. உடனே ஒரு போட்டோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். வெளிய வந்ததும் பேக்கரில ஒரு டீ, ஒரு முட்டை பப்ஸ். "எரிச்சதுல இன்னும் மிச்சம் இருக்குதுங்க"ன்னு ஒரு கணக்கு.

ஏனுங்க, அந்த 313 எங்கிருந்து வந்துச்சு? ஒவ்வொண்ணா கழிச்சுப் பார்க்கலாம் வாங்க.

2/
எரியற கலோரியை ஒழுங்கா அளக்கணும்னா, மூஞ்சில மாஸ்க் மாட்டி, நீங்க எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கறீங்கன்னு பார்க்கணும். ஜிம் மெஷின்ல அது கிடையாது. அதுக்குத் தெரிஞ்சது வேகம், சரிவு, நேரம். மீதியெல்லாம் ஒரு ஃபார்முலா. அது மதிப்பீடுதான், அளவு இல்லை.

3/
முதல் கழித்தல்: எடை. நீங்க எடையை பதிவு பண்ணலைன்னா, பல மெஷின்கள் 70 கிலோவை ஒட்டின ஒரு எடையைத் தானா எடுத்துக்கும். 313 என்பது அந்த 70 கிலோ ஆளோட கணக்கு. அக்காவோட 52 கிலோவைப் போட்டா, அதே ஃபார்முலா 233 தான் சொல்லும். 80 கலோரி காணோம்!

4/
ரெண்டாவது கழித்தல்: சும்மா உட்கார்ந்து சீரியல் பார்த்திருந்தாலும் அந்த அரை மணி நேரத்துல உடம்பு 27 கலோரி செலவு பண்ணியிருக்கும். மெஷின் அதையும் உடற்பயிற்சி கணக்குல சேர்த்துக்குது. மிச்சம் 205 சொச்சம்.

5/
மூணாவதுதான் பெரிய ஓட்டை. கைப்பிடி! சரிவை ஏத்தி வெச்சுட்டு, கம்பியைப் புடிச்சுப் பின்னால சாய்ஞ்சா, உங்க எடையில ஒரு பங்கைக் கம்பி தாங்குது. மெஷினுக்கு இது தெரியாது. நீங்க கை வீசி மலையேறுறதா நெனச்சு நம்பரை ஏத்திக்கிட்டே போகும். உண்மையில 100-க்கும் 200-க்கும் நடுவுல எங்கியோ நிக்கும்.

பப்ஸ் மட்டும் சுமார் 250. டீல போட்ட சர்க்கரை தனி.

6/
"நான் வாட்ச் கட்டியிருக்கேன் டாக்டர்."

2017-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 60 பேரை வெச்சு 7 வாட்ச், பேண்டுகளைச் சோதிச்சது. இதயத்துடிப்பை பெரும்பாலானவை நல்லாவே காட்டின. கலோரியில? இருக்கறதுலயே நல்ல கருவி சராசரியா 27% தப்பு. மோசமானது 93%. 93% தப்பு காட்டுற தராசுல நீங்க தக்காளி வாங்குவீங்களா?

7/
இதுல என்ன கெட்டுப் போச்சுன்னு கேட்கலாம். ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல வெளியானது: தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4% பேருக்கு சர்க்கரை நோய். இவங்களுக்கு நடை ஒரு மருந்து. வேலை செய்யற தசை, இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே ரத்தத்துல இருக்கற சர்க்கரையை உள்ள இழுத்துக்கும். ஸ்கிரீன் இதைக் காட்டாது.

ஆனா மூணு மாசம் நம்பரைப் பார்த்து நடந்து, நம்பரைப் பார்த்து சாப்பிட்டு, எடை குறையலைன்னதும் "நமக்கு இது ஒத்து வராதுங்க"ன்னு நடையையே நிறுத்திடறாங்க. நஷ்டம் அங்கதான். பொய்யான நம்பர் நல்ல பழக்கத்தைக் கொன்னுடுது.

8/
"ஏதோ ஒரு நம்பர் இருந்தாத்தானே உற்சாகம்?" சரி, பொய் சொல்லாத நம்பரை எடுத்துக்கங்க. எத்தனை நிமிஷம், எவ்வளவு தூரம், வாரத்துல எத்தனை நாள், இடுப்புச் சுற்றளவு எவ்வளவு. ஒரே மெஷின்ல, கம்பியைத் தொடாம, போன மாசத்தோட இந்த மாசத்தை ஒப்பிடுங்க. அது நியாயம்.

9/
செய்ய வேண்டியது இவ்வளவுதான்:
• வாரம் 150 நிமிஷம். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.
• வாரம் ரெண்டு நாள் தசைப் பயிற்சி.
• கம்பியைப் புடிச்சாத்தான் நிக்க முடியும்னா, சரிவைக் குறைங்க. (தள்ளாட்டம், மூட்டு வலி இருக்கறவங்க தாராளமா புடிச்சுக்கங்க. கீழ விழறதை விட அது மேல்.)
• சாப்பாட்டை ஸ்கிரீன் முடிவு பண்ண விடாதீங்க.

10/
ஜிம் நடத்தறவங்களுக்கு: மெஷின் மேல "இது தோராயம்தான், இதை நம்பி சாப்பிட வேண்டாம்"னு ஒரு தாள் ஒட்டுங்க. செலவு ஒரு ரூபாய். "இன்னிக்கு 500 எரிக்கலாம் ப்ரோ"ன்னு சொல்றதை நிறுத்துங்க.

ரேஸ்கோர்ஸ் நடைபாதைல ஸ்கிரீன் கிடையாது. மருதமலைப் படியிலயும் கிடையாது. அங்க நடக்கறவங்களுக்கு அதனால ஒரு குறையும் வந்துடலைங்க.