பாலாற்றைப் பணயம் வைத்தது யார்?

"தொழில் வேண்டுமா, சுற்றுச்சூழல் வேண்டுமா?" தோல் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே இப்படித்தான் மடக்குகிறார்கள். இது கேள்வியே அல்ல, மிரட்டல்! நாம் திருப்பிக் கேட்கிறோம்: தண்ணீர் செத்துப்போன ஊரில் எந்தத் தொழில் வாழும்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... இந்த ஊர்களில் தோல் தொழிலை வளர்த்தவர்களில் நம் முன்னோர் முன்வரிசையில் நின்றவர்கள். அந்த வருமானத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன. பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், அதே ஊர்களில் இன்று குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதையும் மறுக்க முடியுமா?

டாலர் கணக்கும் கிணற்றுக் கணக்கும்

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோல் பதனிட்டோம். 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு கொள்கையை மாற்றியது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முழுமையாக முடித்த தோலும் செருப்பும் அனுப்பச் சொன்னது. நல்ல நோக்கம்தான். வேலை பெருகியது, அந்நியச் செலாவணி குவிந்தது.

கூடவே குரோமியப் பதனிடலும் பெருகியது. பழைய முறையில் தோல் உறிஞ்சியது போக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குரோமியம் கழிவுநீரோடு வெளியேறும். ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேறு! இவ்வளவும் எங்கே போகும் என்று திட்டம் போட்டவர்கள் கேட்டார்களா? ஏற்றுமதிக் கணக்கை டாலரில் எழுதிய அதிகாரிகள், கிணற்றுக் கணக்கை எந்த ஏட்டிலும் எழுதவில்லை.

வழி தெரியாமல் போகவில்லை!

சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. கழிவிலிருந்து குரோமியத்தை மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் முறை உண்டு. தண்ணீரைக் குறைக்கும் முறையும் உண்டு. ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை, மனசுக்குத்தான் பஞ்சம்.

சான்று வேண்டுமா? பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்துக்கு 1989இல் ஜெர்மனி தடை போட்டது. 1994இல் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. உடனே மாற்று ரசாயனம் தேடி ஓடினோம், மாறவும் செய்தோம்! ஜெர்மன்காரனின் தோலுக்கு ஆபத்து என்றதும் மாற முடிந்த நமக்கு, நம் வீட்டுப் பெண்கள் சுமந்த குடத்துக்காக மாற முடியவில்லையே, ஏன்?

தீர்ப்புகள் வந்தன

1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக ஓர் ஆய்வு சொன்னதை அதில் எடுத்துக்காட்டியது. 'நீடித்த வளர்ச்சி', 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கோட்பாடுகள் இந்தியச் சட்டத்தில் ஊன்றியது இந்த வழக்கில்தான். நாட்டுக்கே சட்டம் தந்த ஊர் நம் ஊர்! ஆனால் நமக்குக் கிடைத்தது என்ன? இழப்பீடு வந்து சேராதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30இல் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள்! வழக்குப் போட்ட தலைமுறையில் எத்தனை பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்!

2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் நச்சுச் சேற்றில் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அவர்களும் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் இல்லை.

சதி என்று சொல்லித் தப்ப வேண்டாம்

'நம் சமுதாயத்தின் தொழிலைக் குறிவைக்கிறார்கள்' என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். வேண்டாம்! கெட்டுப்போன கிணறுகளில் நம் கிணறுகளும் உண்டு. டேனரியில் தோலைப் புரட்டிக் கை புண்ணானவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. தண்ணீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் மோசடி செய்துவிட்டுச் சமுதாயத்தின் பின்னால் ஒளிந்துகொள்வது சமுதாயத்துக்குச் செய்யும் துரோகம்.

அதேநேரம், கூலிக்குப் பதனிடும் சின்ன டேனரிக்காரர் மீது மட்டும் எல்லாச் செலவையும் சுமத்துவதும் அநீதி. லாபத்தின் பெரும்பங்கு பெரிய ஏற்றுமதியாளருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் போகிறது. சுத்திகரிப்புச் செலவிலும் அவர்களே பெரும்பங்கு ஏற்கட்டும்!

நாம் கேட்பது மூன்றுதான். இழப்பீடு யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற பட்டியலை ஊர்தோறும் வெளியிடுங்கள். சின்ன டேனரிகளுக்கு நவீன முறைக்கு மாற வட்டியில்லாக் கடன் கொடுங்கள். கிணற்று நீரின் சோதனை முடிவுகளை மாதந்தோறும் ஊர் நடுவே ஒட்டுங்கள்.

இளைஞர்களே! ரசாயனம் படியுங்கள், சட்டம் படியுங்கள், சுத்திகரிப்பு நிலையத்தின் கணக்கைக் கேளுங்கள். வணிகப் பெருமக்களே! உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு டேனரியை எழுதி வைப்பீர்கள், சரி. குடிக்கத் தண்ணீரை எங்கிருந்து எழுதி வைப்பீர்கள்?